எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவது?

ரிட் மனு போடுவதற்குக் கையில் ஓர் ஆணை இருந்தால் சௌகரியம். இன்ன தேதியில், இன்ன எண்ணில், இன்ன அதிகாரி போட்ட உத்தரவை ரத்து செய்யுங்கள் என்று கேட்டுவிடலாம். என்னிடம் வந்த கால்பந்து அணியிடம் ஆணை இல்லை, கடிதம் இல்லை, சுற்றறிக்கையின் மங்கலான நகல்கூட இல்லை. "உங்க காலேஜ் இந்த வருஷம் எங்க லிஸ்ட்ல வரல சார்" என்று தொலைபேசியில் ஓர் எழுத்தர் சொன்னார். மொத்த வழக்கும் அந்த ஒரு வாக்கியந்தான்.

கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரும் (மாணவர்களுக்கு அவர் பி.டி. சார்) மூன்று பையன்களும் விழுப்புரத்தில் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். மூவரில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தவன் ஸ்டாப்பர் பேக். ஊர் மண்டகப்பட்டு. செஞ்சிப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், மகேந்திரவர்மன் குடைந்த இலக்ஷிதக் கோயில் இருக்கிற ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் இதை எடுத்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் அந்த அரசன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். "ஒரு பேப்பரும் இல்லாம எப்படிப்பா கேஸ் போடறது?" என்று நான் அலுத்துக்கொண்டபோது அவன் சொன்னான்: "எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லாம கோயிலே கட்டியிருக்காங்க சார்." பி.டி. சார் அவனை முறைத்தார். நான் வக்காலத்துத் தாளை எடுத்தேன்.

சிக்கல் என்ன என்பதைச் சொல்ல, எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகள் ஊர் மாறாமலே வீடு மாறிய கதையைச் சொல்ல வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கலைக் கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. 2002இல் ஒரு சட்டம் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தை உண்டாக்கியது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அங்கே போயின. திண்டிவனத்துப் பையனுக்குச் சென்னை என்றால் நேர் நெடுஞ்சாலை. வேலூர் என்றால் வந்தவாசி, ஆற்காடு என்று பஸ் மாறிப் போக வேண்டும். பிறகு 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் நிறைவேறியது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31ஆம் தேதி அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் வந்தது. 1929இலிருந்து ஒரே வளாகத்துக்குள் பாடம் நடத்திக்கொண்டிருந்த அந்தச் சிதம்பரத்துப் பல்கலைக்கழகம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்ப் பல்கலைக்கழகம் ஆனது. முன்னாள் சட்ட அமைச்சர் சி.வி. சண்முகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மேடைகளிலும் டி.வி.யிலும் அது யார் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பது என்ற சண்டையாகவே நடந்தது. அந்த ஆண்டுகளில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன்களைப் பற்றி இரண்டு தரப்பிலும் யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

என் வழக்கு இந்த மாற்றங்களில் எதன்போது நடந்தது என்று சொல்லப்போவதில்லை. கல்லூரியின் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்ட அலுவலக ஆட்கள் சிலர் இன்றும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் வணக்கம் வைக்கிறார்கள். பழைய பல்கலைக்கழகம், புதிய பல்கலைக்கழகம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கல்லூரிக் கால்பந்தில் பருவம் என்பது சின்னது. ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்ததும் அணி சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு மண்டலவாரியாகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி, மண்டலங்களில் வென்றவர்களுக்குள் ஒரு போட்டி. அதையெல்லாம் பார்த்துப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு, பயிற்சி முகாம். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். எங்கள் பையன்கள் அந்த ஆண்டு மண்டலப் போட்டியில் ஜெயித்துக் கோப்பையோடு ஊர் திரும்பியிருந்தார்கள். அதை நடத்தியது பழைய பல்கலைக்கழகம். அடுத்த சுற்றுக்கான தேதியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இணைப்பு மாறியது. பழைய இடத்தில் கேட்டால், நீங்கள் இப்போது எங்கள் கல்லூரி இல்லை என்றார்கள். புதிய இடத்தில் கேட்டால், இந்த ஆண்டு கால்பந்துக்கு இன்னும் அணியே அமைக்கவில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார்கள்.

மூன்றாமாண்டு படிக்கிறவனுக்கு அடுத்த ஆண்டு ஏது?

ஆட்டம் போனால் போகிறது என்று வெளியாட்கள் நினைக்கலாம். அந்த அணியில் யாரும் அப்படி நினைக்கவில்லை. மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கிறவன் படிவம் 1 முதல் 4 வரையுள்ள சான்றிதழ்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். இந்தியாவுக்கு ஆடியவனுக்குப் படிவம் 1, மாநிலத்துக்கு ஆடியவனுக்கு 2, பள்ளித் தேசியப் போட்டிக்கு 4. நடுவில் இருக்கும் படிவம் 3 பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்கு. அதில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி அணிக்கு ஆயிரம் கோல் போட்டாலும் அந்தப் படிவம் வராது. இந்தப் பக்கத்து வீடுகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். கடலூரில் பந்து உதைக்க ஆரம்பித்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் பூட்ஸ் வாங்குவது பொழுதுபோக்குக்காக அல்ல.

முதலில் கல்லூரியையே மனுதாரராக்கலாமா என்று யோசித்தேன். கல்லூரி நிர்வாகம் கையெடுத்துக் கும்பிட்டது. இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் அவர்களுக்குக் காரியம் பாக்கி இருந்தது. பழைய இடத்தில் தேர்வு முடிவுகள், புதிய இடத்தில் பாடப்பிரிவுகளுக்கு அனுமதி. போதாக்குறைக்கு, மாணவர்களின் தகுதிப் படிவங்களை யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அலுவலக அலமாரியிலேயே வைத்திருந்தார்கள். அதனால் பையன்களே மனுதாரர்கள், கல்லூரி மூன்றாம் எதிர்மனுதாரர். பி.டி. சாருக்கு இதில் சங்கடம். சம்பளம் தரும் நிர்வாகத்தின் மீது தான் கூட்டிவந்த பையன்களே வழக்குப் போடுகிறார்கள் அல்லவா? "நான் வெளில நிக்கிறேன் சார், பேப்பர்ல என் பேர் வேணாம்" என்றார். அவர் பெயர் எங்கும் வரவில்லை. ஆனால் மண்டலப் போட்டியின் ஆட்டவாரியான ஸ்கோர் ஷீட், நடுவர் கையெழுத்தோடு, ஒன்றுவிடாமல் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. உடற்கல்வி ஆசிரியர்கள் காகிதத்தைப் பத்திரப்படுத்த மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இவர் அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்.

ஆணை இல்லாததால் ரத்துக் கேட்க வழியில்லை. இரண்டு பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும் விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன, பதில் வரவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கடமை இருக்கிறது, கேட்டும் செய்யவில்லை என்று காட்டிவிட்டால் அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவில் மாண்டமஸ் கேட்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தையும் சேர்க்க வேண்டும் என்று என் ஜூனியர் அடம்பிடித்தார். சேர்த்தால் அது அரசா, இல்லையா என்று முதல் நாளே வாதம் கிளம்பிவிடும். கிரிக்கெட் வாரியம் அரசு அமைப்பா என்ற கேள்விக்கே ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2005இல் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்துதான் தீர்ப்புச் சொன்னார்கள். அரசு இல்லை, ஆனாலும் 226இல் கேள்வி கேட்கலாம் என்று முடிந்தது. பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் பிறந்தவை, அவற்றின் மீது அந்தச் சண்டை எழாது. அவற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

தேர்வு முகாம் நெருங்கிவிட்டதால் லஞ்ச் மோஷன். காலையில் நீதிபதியிடம் அவசரத்தைச் சொல்லி அனுமதி வாங்கி, மதியத்துக்குள் மனுவைக் கொடுத்து, இரண்டே காலுக்கு வாதாடுவது. விழுப்புரத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பையன்களும் வந்துவிட்டார்கள். வர வேண்டிய அவசியமில்லை என்று சொல்லியிருந்தேன். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, இரண்டு முறை வேறு கோர்ட்டுக்குள் நுழைந்து, கடைசியில் சரியான ஹாலுக்கு வந்து பின்வரிசையில் நின்றார்கள்.

எதிர்த்தரப்பு வாதம் பலமானது. அணியில் இடம் பெறுவது யாருடைய உரிமையும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நீதிமன்றங்கள் தலையிடுவதில்லை. உண்மைதான், அப்படித்தான் தீர்ப்புகள் இருக்கின்றன. அணியில் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, தேர்வு நடக்கும் மைதானத்தின் கதவைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம் என்றேன். அடுத்து, கல்லூரி இப்போது எங்களோடு இணைந்ததாக இல்லை, ஆகவே மாணவரும் எங்களுடையவர் இல்லை என்றார் பழைய பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர். அங்கேதான் பிடி கிடைத்தது. பல்கலைக்கழகங்களைப் பிரிக்கும் சட்டங்களில் வழக்கமாக ஓர் இடைக்கால ஏற்பாடு இருக்கும்: ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்கள் பழைய பாடத்திட்டத்திலேயே படித்து, பழைய இடத்திலேயே தேர்வு எழுதி, அங்கேயே பட்டம் வாங்கலாம். நீதிபதி அந்தப் பிரிவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவர்களுக்கு வருகிற செமஸ்டர் தேர்வை நடத்தப்போவது யார்?"

"நாங்கள்தான், மை லார்ட்."

"பட்டம் யார் கொடுப்பது?"

"நாங்கள்தான்."

"ஃபீஸ் வாங்கிக்கொள்கிறீர்கள், தேர்வு வைக்கிறீர்கள், பட்டமும் கொடுக்கிறீர்கள். பந்து மட்டும் உதைக்கக் கூடாதா?"

பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம். கோர்ட் டவாலி திரும்பிப் பார்த்தார். மண்டகப்பட்டுக்காரனாகத்தான் இருக்கும்.

உத்தரவு அன்றே கிடைத்தது. மனுதாரர்களைத் தற்காலிகமாக அணித் தேர்வில் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும், இது வழக்கின் இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டது, இதை வைத்து மனுதாரர்கள் எந்தச் சலுகையும் கோர முடியாது. இடைக்கால உத்தரவுகளில் வழக்கமாக வரும் வாசகந்தான். பின்னால் அது என்ன பாடு படுத்தியது என்பதற்கு வருகிறேன். அணிக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. மண்டல வெற்றியாளர்களுக்கான போட்டியில் இவர்கள் இடத்தில் இரண்டாவதாக வந்த கல்லூரியைச் சேர்த்து ஆடவைத்து, கோப்பையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். முடிந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொல்லி எந்த நீதிபதி உத்தரவு போடுவார்? ஓர் அணியாக ஜெயித்தவர்கள் தனித்தனி மனுதாரர்களாக மட்டுமே உள்ளே போக முடிந்தது. வழக்கை நினைக்கும்போது இன்றும் எனக்கு உறுத்துவது இந்த இடம். கோல் கீப்பர் நன்றாக ஆடினானா என்று தனியாக நிறுத்திவைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? அவனுக்கு முன்னால் அவனுடைய ஸ்டாப்பர் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒன்று பெரிய பணத்தோடு நடந்தபோது நான் கொஞ்சம் கவனித்துப் படித்தேன். அங்கே கல்லூரிக் கால்பந்து (அவர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற கால்பந்து) கான்ஃபரன்ஸ் என்னும் கூட்டமைப்புகளாக நடக்கிறது. ஒளிபரப்பு உரிமையை ஒரே சங்கம் கட்டிவைத்திருந்ததை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல், ஒக்லஹாமா பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், செல்லாது என்றது. அதன் பிறகு கல்லூரிகளும் கூட்டமைப்புகளும் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே விற்க ஆரம்பித்தன. அதிகம் விலை போகும் கூட்டமைப்புக்குக் கல்லூரிகள் தாவின. மேற்குக் கடற்கரையில் 1915இலிருந்து வேர்விட்டிருந்த பேக்-12 கூட்டமைப்பிலிருந்து 2022, 2023 ஆண்டுகளில் பத்து கல்லூரிகள் விலகுவதாக அறிவித்தன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்தது! எஞ்சியவை ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே. விலகப்போகிற பத்துப் பேரும் கடைசி நாள்வரை நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுச் சொத்தைப் பங்குபோடப் பார்த்தார்கள். இந்த இரண்டும் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போயின. விலகல் அறிவித்தவருக்குக் குழுவில் இடமில்லை என்ற துணைவிதியைக் காட்டி 2023 நவம்பரில் தடை உத்தரவு வாங்கின. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. 2024 பருவத்துக்கு வேறொரு கூட்டமைப்பின் அணிகளோடு ஆட்டம் பேசி ஒப்பேற்றினார்கள்.

அந்த இரண்டு கல்லூரிகளும் ஜெயித்தது எதனால்? ஒருவன் போகும்போது என்ன ஆகும் என்று யாரோ முன்கூட்டி யோசித்து எழுதிய ஒரு துணைவிதி இருந்தது. எங்கள் பக்கம் அப்படி எழுதிவைக்கும் வழக்கம் குறைவு. பீகாரைப் பாருங்கள். 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தது. கிரிக்கெட் வாரியத்தின் முழு உறுப்பினர் இடம் ஜார்க்கண்டுக்குப் போனது. பாட்னாவில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு தலைமுறைப் பையன்கள் சொந்த மாநிலத்துக்கு ரஞ்சி ஆட முடியாமல் வயது கடந்தார்கள். 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த ஆண்டுப் பருவத்தில் பீகார் மறுபடி களம் இறங்கியது. எல்லைக்கோடு போடுகிறவர்கள் கட்டடம், நிலம், ஊழியர், பாக்கிப் பணம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறார்கள். ஆட்டக்காரன் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

திரும்ப எங்கள் வழக்கு. தேர்வுக்குப் போனவர்களில் இருவர் பல்கலைக்கழக அணிக்கு எடுக்கப்பட்டார்கள். மண்டகப்பட்டுப் பையன் ஒருவன், இன்னொருவன் திண்டிவனத்து விங்கர். தென்மண்டலத்தில் அணி சீக்கிரமே தோற்று வந்துவிட்டது. ஸ்டாப்பருக்கு ஆட்டம் கிடைத்தது, விங்கர் பெரும்பாலும் பெஞ்சில். படிவம் 3 இருவருக்கும் வந்தது. ஆனால் சான்றிதழின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: ரிட் மனுவின் இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டது.

வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் அந்த வரியைப் பார்த்தார்கள். வழக்கு எப்போது முடிந்தது, தீர்ப்பு நகல் எங்கே என்று கேட்டார்கள். வழக்கு முடியவில்லை. அவசரம் தீர்ந்த ரிட் மனு உயர் நீதிமன்றத்தில் அவ்வளவு சீக்கிரம் பட்டியலில் ஏறாது. ஸ்டாப்பர் பையனின் அப்பா என்னைத் தேடி வந்தார். "வக்கீல் அய்யா, ஜெயிச்சிட்டோம்னு சொன்னீங்களே, இன்னும் கேஸ் நடக்குதுன்னு சொல்றாங்களே?" நியாயமான கேள்வி. இடைக்கால உத்தரவில் வேலை முடிந்துவிட்டதென்று கட்சிக்காரர்கள் எல்லோரும் நினைப்பார்கள், வழக்கறிஞர்களில் பாதிப் பேரும் நினைப்பார்கள். சீக்கிரம் விசாரிக்கும்படி தனி மனுப் போட்டோம். வழக்கு வந்த அன்று, மாணவர்கள் படித்து முடித்துவிட்டார்கள், மனு பயனற்றுப்போய்விட்டது, தள்ளுபடி செய்துவிடலாம் என்றது எதிர்த்தரப்பு. நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம். அந்த ஒரு சொல்லில் முடித்துவிட்டால் சான்றிதழின் கதி என்ன? ஆடியது ஆடியதுதான், சான்றிதழுக்கு இந்த வழக்கால் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு வாக்கியம் பதிவாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இந்த முறை வேறு நீதிபதி. அவருக்குக் கால்பந்தில் ஆர்வம் இருந்த மாதிரி தெரியவில்லை, ஆனால் சான்றிதழை வாங்கி அந்தச் சிவப்பு வரியை இரண்டு தடவை படித்தார். கேட்ட வாக்கியத்தை எழுதினார். சிவப்பு வரி இல்லாத புதிய சான்றிதழ் கொடுக்கவும் உத்தரவிட்டார்.

ஸ்டாப்பருக்கு அந்த ஆண்டு ஆள் எடுப்பு தவறிப்போனது. அடுத்த ஆள் எடுப்பில் அந்தப் புதிய சான்றிதழோடு போய் வேலை வாங்கினான். விங்கர் அதற்குள் காத்திருக்க முடியாமல் ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலைக்குப் போய்விட்டான். மற்றவர்களைப் பற்றிப் பி.டி. சார்தான் அவ்வப்போது சொல்வார்.

இந்த மாவட்டத்தின் கல்லூரிகள் இனி இடம் மாறாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே சட்ட வரைவு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடைக்கால ஏற்பாட்டுப் பிரிவில், தேர்வு, பட்டம் என்று எழுதும் இடத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: "இணைப்பு மாறும் கல்வியாண்டு முடியும்வரை, ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் விளையாட்டுப் போட்டிகளில் பழைய பல்கலைக்கழகத்தின் மாணவர்களாகவே கருதப்படுவர்." செலவில்லாத வரி. பெற்றோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியதும் உண்டு. கல்லூரியின் இணைப்பு மாறுகிறது என்று செய்தி வந்த அன்றே, பையனோ பெண்ணோ இந்த ஆண்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடலாம் என்று இரண்டு பதிவாளர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைத் தொலைக்காதீர்கள். பதில் வராவிட்டால் வழக்குக்கு அதுவே முதல் ஆவணம்.